சங்கிலி யார் கையில்?

நீங்கள் தொட்டிக் கட்சியா, ஷவர் கட்சியா?

ஒரு ஆங்கிலேயரிடமோ அமெரிக்கரிடமோ இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். 'தொட்டியில் வெந்நீரை ரொப்பிக்கொண்டு, கழுத்துவரை முங்கிக் கிடக்கிற சுகம் வேறு எதில் இருக்கு?' என்பார் ஒருவர். 'சேச்சே... உடம்பிலிருந்து கழன்ற அழுக்கிலேயே ஊறிக் கிடப்பதற்குப் பெயர் குளியலா?' என்று முகம் சுளிப்பார் இன்னொருவர். நம்மூரில் இந்தச் சண்டைக்கே இடமில்லை. 'ஒரு பக்கெட், ஒரு மக். வேறென்ன?' என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். (புது ஃப்ளாட்டில் ஷவர் மாட்டித்தான் கொடுத்திருப்பார்கள். அதன் கழுத்தில் ஈரத் துண்டு தொங்கும்!)

பார்ப்பதற்கு இது ஏதோ ருசி சமாசாரம் மாதிரிதான் இருக்கிறது. காபியா, டீயா என்பதுபோல. ஆனால், வரலாற்றைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் வேறொரு விஷயம் மேலே வருகிறது. தொட்டியில் படுத்துக் கிடக்கிறவன் தன் நேரத்துக்குத் தானே ராஜா. எப்போது எழுந்திருப்பது என்பது அவன் இஷ்டம். ஷவரின் கதை அப்படியில்லை. நாம் இன்று பார்க்கிற ஷவரை வளர்த்து ஆளாக்கியவர்களில் பலர் தாங்கள் குளிப்பதற்காக அதை வளர்க்கவில்லை. அடுத்தவனைக் குளிக்க வைப்பதற்காக வளர்த்தார்கள்! தண்ணீர் எப்போது விழ வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கிற கை ஒன்று எப்போதும் வெளியே இருந்தது.

முதலில் பழைய கதையை வேகமாகத் தாண்டிவிடுவோம். தலைக்கு மேலிருந்து தண்ணீர் கொட்டக் குளிப்பது ஒன்றும் புதுசு இல்லை. கி.மு. 6-ம் நூற்றாண்டு கிரேக்கப் பானைகளிலேயே அந்த ஓவியம் இருக்கிறது. சுவரில் மிருகத் தலைகள், அவற்றின் வாயிலிருந்து தண்ணீர், கீழே நின்று குளிக்கிற ஜனங்கள். ரோமானியர்களோ ஊர்கூடிக் குளித்தார்கள். கி.பி. 216-ல் திறக்கப்பட்ட கேரகல்லா குளியல் மாளிகையின் இடிபாடுகளை இன்றைக்கும் ரோம் நகரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அப்புறம் பிளேக் வந்தது. வெந்நீரில் குளித்தால் தோலின் துவாரங்கள் திறந்துகொள்ளும், அதன் வழியாக நோய் உள்ளே புகுந்துவிடும் என்று டாக்டர்களே பயமுறுத்த, மேற்கு ஐரோப்பாவில் பெரிய மனிதர்கள் பலர் தண்ணீரைக் கண்டு ஒதுங்க ஆரம்பித்தார்கள். உடம்பைக் கழுவுவதற்குப் பதில் சட்டையை மாற்றினார்கள். வெள்ளைவெளேரென்று லினன் சட்டை போட்டிருந்தால் சுத்தமான ஆள் என்று அர்த்தம்! ஒன்றிரண்டு நூற்றாண்டுகள் இப்படியே ஓடின.

1767-ம் ஆண்டு லண்டனில் வில்லியம் ஃபீத்தம் என்கிற அடுப்பு வியாபாரி ஒரு கருவியை அறிமுகப்படுத்தினார். கீழே ஒரு தொட்டி, மேலே ஒரு பாத்திரம், நடுவில் பம்ப். அடித்து அடித்துத் தண்ணீரை மேலே ஏற்ற வேண்டும். அப்புறம் அடியில் நின்றுகொண்டு சங்கிலியை இழுத்தால்... தொபேல்! மொத்தத் தண்ணீரும் தலையில். தண்ணீரை எங்கேயும் சுட வைக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுப்பு வியாபாரி கண்டுபிடித்தது பச்சைத் தண்ணீர் ஷவர்!

1810 வாக்கில் இதற்குப் பளபளப்பான வாரிசு ஒன்று வந்தது. பத்தடிக்கு மேல் உயரம். குழாய்களுக்கு மூங்கில் மாதிரியே பெயின்ட். பணக்கார வீட்டு அலங்காரப் பொருள்போல நிற்கும். ஒரே தண்ணீரைத்தான் திரும்பத் திரும்ப மேலேற்றி ஊற்றிக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் கொஞ்சம் இடித்தது. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸுக்குப் பச்சைத் தண்ணீர் ஷவர் என்றால் உயிர். 1851-ல் டாவிஸ்டாக் ஹவுஸுக்குக் குடிபோனபோது, நல்ல ஷவர் ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று பிடிவாதமாக அதை அமைக்கச் செய்தார். டிக்கன்ஸ் விஷயத்தில் சங்கிலி அவர் கையிலேயே இருந்தது. ஜில்லென்று கொட்டியது போதும் என்றால், வெளியே வந்து துண்டை எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாருக்கும் அந்த வசதி வாய்க்கவில்லை.

அன்றைய ஆஸ்திரிய சைலீஷியாவில், க்ராஃபென்பெர்க் என்ற மலைக் கிராமத்தில் (இன்று செக் நாட்டில் இருக்கிறது) வின்சென்ட்ஸ் ப்ரீஸ்னிட்ஸ் என்றொரு விவசாயி இருந்தார். டாக்டர் படிப்பெல்லாம் கிடையாது. மலையிலிருந்து பல அடி உயரத்திலிருந்து விழுகிற ஐஸ் தண்ணீரின் அடியில் நோயாளிகளை நிறுத்துவார். எல்லா வியாதிக்கும் அதுதான் மருந்து. ஐரோப்பா பூராவிலிருந்தும் பிரபுக்களும் சீமாட்டிகளும் வந்து நடுங்கிக்கொண்டே நின்றார்கள். 'நீர் சிகிச்சை' என்று இந்தப் பைத்தியம் பரவியது. பரவிய இடங்களில் ஒன்று, மனநோயாளிகளை அடைத்து வைத்திருந்த விடுதிகள். அங்கே ஷவர் ஏற்கெனவே ஒரு வைத்தியம்தான். சூடேறிப்போன மூளையைக் குளிர வைக்கிறோம் என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

1856 ஏப்ரலில், லண்டனை அடுத்த சர்ரே மனநோய் விடுதியில் டேனியல் டாலி என்ற வயதான நோயாளி, டாக்டரையே அடித்துவிட்டார். 'சிகிச்சை' உத்தரவாயிற்று. ஷவர் பெட்டிக்குள் விட்டுக் கதவைச் சாத்தி, பச்சைத் தண்ணீரைத் திறந்தார்கள். எவ்வளவு நேரம் தெரியுமா? 28 நிமிடம்! வெளியே எடுத்ததும் வாந்தி மருந்து வேறு கொடுத்தார்கள். சிறிது நேரத்தில் டாலி செத்துப்போனார். டாக்டர் மீது வழக்கு வந்தது. ஆனால், விசாரணைக்கே போகாமல் அந்தக் குற்றச்சாட்டை கிராண்ட் ஜூரி தள்ளுபடி செய்துவிட்டது. ஷவர் என்பது வைத்தியம்தானே... வைத்தியத்தில் ஒருவர் செத்தால் அது எப்படிக் கொலையாகும்?

அட்லான்டிக்கைத் தாண்டினால், இந்த 'வைத்தியம்' என்ற போர்வைகூட இல்லை. நியூயார்க் மாகாணத்தில் ஆபர்ன் என்ற ஊரில் ஒரு புகழ்பெற்ற சிறை. கைதிகள் பேசக் கூடாது, வரிசையாகத் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்பது போன்ற கடும் ஒழுங்குக்குப் பேர்போனது. தப்பு செய்தால் சவுக்கடி. 1847-ல் கைதிகளை அடிக்கக் கூடாது என்று மாகாணச் சட்டம் வந்தது. நல்ல காரியம் என்று நாம் கைதட்டுவதற்குள், சிறை அதிகாரிகள் மாற்று வழி கண்டுபிடித்துவிட்டார்கள். அடித்தால்தானே தப்பு? குளிப்பாட்டினால்?

அந்தக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். ஆள் உட்காருகிற அளவுக்கு ஒரு மரப்பெட்டி. கைதியை நிர்வாணமாக்கி உள்ளே உட்காரவைத்து, கையையும் காலையும் கட்டைகளின் ஓட்டைகளில் மாட்டிவிடுவார்கள். கழுத்தைச் சுற்றி ஒரு மரக் கிண்ணம். மேலே தொட்டி நிறைய பச்சைத் தண்ணீர். சங்கிலியை இழுத்தால் தண்ணீர் தலையில் கொட்டும். உடனே கீழே வழிந்துவிடாது. கழுத்துக் கிண்ணத்தில் நிறைந்து, வாய்க்கும் மூக்குக்கும் ஏறும். மூச்சு முட்டும். நடுக் கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டே ஆற்றில் மூழ்குகிற அனுபவம்! உடம்பில் ஒரு சின்னத் தழும்புகூட இருக்காது. சட்டமும் மீறப்படவில்லை.

1858 டிசம்பர் 2. கொல்லும் குளிர். சாமுவேல் மூர் என்ற கறுப்பினக் கைதியைக் காவலர்கள் இழுத்துப்போய் அந்தப் பெட்டியில் மாட்டினார்கள். தண்ணீரைத் திறந்தார்கள். வெளியே எடுத்த கொஞ்ச நேரத்தில் அவர் உயிர் போய்விட்டது. அதே மாதம் 18-ம் தேதி 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' பத்திரிகை படங்களோடு இந்தச் செய்தியை வெளியிட்டது. பெட்டி, கட்டை, கழுத்துக் கிண்ணம் எல்லாவற்றையும் வரைந்து காட்டி, 'இது சித்ரவதை, கொலை' என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டது. ஊரே அதிர்ந்தது. ஆனாலும் நியூயார்க் சிறைகளில் ஷவர் தண்டனையை சட்டம் போட்டு ஒழிக்க 1869 ஆனது. பதினோரு வருஷம்!

'ஷவர்' என்றால் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கணிசமான பேருக்கு அந்தக் காலத்தில் இதுதான் ஞாபகம் வந்திருக்கும். அப்படிப்பட்ட சாமான் எப்படி நம் வீட்டுக்குள் வந்தது? ஆச்சரியம் என்னவென்றால், அதுவும் ஒரு சிறைச்சாலை வழியாகத்தான் வந்தது. இந்தத் தடவை ஒரு நல்ல மனிதர் உள்ளே நுழைகிறார்.

பிரான்ஸில் ரூவான் நகரம். அங்கே 'போன் நூவெல்' என்ற சிறைச்சாலை. பெயருக்கு அர்த்தம் 'நற்செய்தி' (சிறைக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்!). அதன் தலைமை டாக்டர் மெரி டெலபோஸ்ட். கைதிகள் அழுக்கும் சொறியுமாக நாறிக்கொண்டிருந்தார்கள். குளிக்க வைக்க வேண்டும் என்றால் தொட்டி வேண்டும். ஒரு தொட்டியை நிரப்ப ஏகப்பட்ட தண்ணீர், அதைச் சுட வைக்க ஏகப்பட்ட கரி, ஒரு ஆள் குளித்து முடிக்க அரை மணி. நூற்றுக்கணக்கான கைதிகளுக்கு இது நடக்கிற காரியமா?

1872 வாக்கில் டெலபோஸ்ட் கணக்குப் போட்டார். சிறையில்தான் நீராவி இன்ஜின் இருக்கிறதே... அதன் சூட்டில் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, குழாயில் விட்டு, வரிசையாகத் தடுப்புகள் கட்டி, மேலிருந்து தூவினால்? எட்டுப் பேர் ஒரே சமயத்தில் நுழைந்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் குளித்து முடித்தார்கள். செலவான தண்ணீர் ஆளுக்கு 20 லிட்டரைத் தாண்டவில்லை!

கவனித்தீர்களா? 20 லிட்டர் என்பது ஏறக்குறைய நம் வீட்டு பக்கெட். பிரெஞ்சு டாக்டர் நீராவி இன்ஜின், குழாய், தடுப்பு எல்லாம் வைத்துப் பிடித்த கணக்கை, நம் பாட்டிமார்கள் அண்டாவும் செம்பும் வைத்தே பிடித்திருந்தார்கள்.

டெலபோஸ்ட்டின் ஷவரில் இரண்டு விஷயங்கள் புதுசு. ஒன்று, தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அதாவது நோக்கம் தண்டனை இல்லை, சுத்தம். இன்னொன்று, நேரம். சங்கிலி இன்னமும் வெளியேதான் இருந்தது. மணி அடித்தால் நுழைய வேண்டும், மணி அடித்தால் வெளியேற வேண்டும். குளிக்க மாட்டேன் என்று சொல்கிற உரிமை கைதிக்குக் கிடையாது. இந்த ஏற்பாட்டைப் பார்த்து யார் முதலில் குஷியாவார்கள்? ராணுவம்தான்! 1879-ல் பிரஷ்ய ராணுவம் தன் முகாம்களில் இதைக் கொண்டுவந்தது. அடுத்து விடுதிப் பள்ளிகள். சிறை, பட்டாளம், ஹாஸ்டல்... மணியடித்தால் வரிசையில் நிற்கிற எல்லா இடங்களுக்கும் ஷவர் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாடிக்கையாளர்கள், ஏழைகள். பெர்லினில் ஆஸ்கர் லாஸர் என்ற தோல் மருத்துவர் 1883-ல் நடந்த சுகாதாரக் கண்காட்சியில், தகரக் கொட்டகை ஒன்றைப் போட்டார். ஆண்களுக்கு ஐந்து அறை, பெண்களுக்கு ஐந்து அறை. பத்து ஃபென்னிக் காசு கொடுத்தால் சோப்பும் துண்டும் தந்து உள்ளே விடுவார்கள். ஒவ்வொரு ஜெர்மானியனுக்கும் வாரம் ஒரு குளியல் என்பதுதான் அவருடைய கோஷம். வாரத்துக்கு ஒன்று! தினமும் குளிக்கிற நமக்குச் சிரிப்பு வரலாம். அன்றைய ஐரோப்பியத் தொழிலாளிக்கு அது பெரிய கனவு.

எவ்வளவு பெரிய கனவு என்று தெரிய நியூயார்க்குக்குப் போக வேண்டும். 1894-ல் அந்த நகரத்தின் அடுக்குக் குடியிருப்புகளை ஒரு கமிட்டி ஆராய்ந்தது. 2,55,033 பேரின் வீடுகளைக் கணக்கெடுத்தார்கள். வீட்டிலேயே குளியலறை வசதி இருந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 306! எழுத்துப்பிழை இல்லை. முந்நூற்று ஆறேதான்.

சைமன் பரூக் என்ற டாக்டர் இந்த அழுக்கோடு மல்லுக்கு நின்றார். பிரஷ்யாவில் பிறந்து, அமெரிக்கா போய், உள்நாட்டுப் போரில் தென்மாகாணங்களின் படையில் மருத்துவராக இருந்தவர். ஜெர்மனியில் பார்த்த ஷவரை 'மழைக் குளியல்' என்று அழகாகப் பெயர்சூட்டி நியூயார்க்குக்குக் கொண்டுவந்தார். முதலில் யாருக்கு? 1890-ல் சிறுவர் காப்பகத்துப் பையன்களுக்கு. (மறுபடியும் கதவு பூட்டிய இடம்!) அடுத்த வருஷம் பொதுமக்களுக்கு, ஐந்து சென்ட் கட்டணத்தில். 1895-ல் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வசிக்கிற நகரங்கள் இலவசக் குளியல் நிலையம் கட்டியே ஆக வேண்டும் என்று மாகாணச் சட்டமே வந்தது. 1901-ல் ரிவிங்டன் தெருவில் நியூயார்க் மாநகராட்சி கட்டிய நிலையத்துக்குப் பிற்பாடு அவர் பெயரையே வைத்தார்கள்.

தொட்டி ஏன் வேண்டாம் என்பதற்குப் பரூக்கின் பட்டியல் ரொம்ப நியாயமானது. தொட்டிக்கு இடம் அதிகம், தண்ணீர் அதிகம், நேரம் அதிகம். அதோடு ஒருவர் குளித்த தொட்டியைத் தேய்த்துக் கழுவாமல் இன்னொருவரை இறக்க முடியாது. (ஜப்பானியர்கள் இந்தச் சிக்கலை அழகாகத் தீர்த்துவிட்டார்கள். வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்து முடித்துவிட்டு, அப்புறம்தான் தொட்டியில் இறங்குவார்கள். அதனால் ஒரே வெந்நீரில் குடும்பமே வரிசையாக ஊறலாம்!)

ஏழைகளுக்கு ஷவர் சிபாரிசு செய்த பெரிய மனிதர்கள், அதே காலத்தில் தங்கள் வீடுகளுக்கு வாங்கியது எதை? தொட்டியை! 1883-ல் ஜான் மைக்கேல் கோலர் என்ற அமெரிக்க இரும்புப் பட்டறைக்காரர், கால்நடைகளுக்குத் தண்ணீர் வைக்கிற இரும்புத் தொட்டியில் எனாமல் பூசி, நாலு காலை மாட்டினால் மனிதன் குளிக்கலாம் என்று விற்க ஆரம்பித்தார். முதல் தொட்டியை ஒரு விவசாயிக்குக் கொடுத்துவிட்டு ஒரு பசுவும் பதினாலு கோழிகளும் வாங்கிக்கொண்டார் என்று அந்த நிறுவனமே பெருமையாகச் சொல்லும். தொட்டி என்றால் அந்தஸ்து. அதன் மோகம் எந்த அளவுக்கு என்றால், 1917 டிசம்பர் 28 அன்று மென்கன் என்ற பத்திரிகையாளர், அமெரிக்காவில் குளியல்தொட்டி நுழைந்த 'வரலாறு' என்று ஒரு கட்டுரை எழுதினார். தேதி, ஊர், பெயர், எந்த ஜனாதிபதி முதலில் வெள்ளை மாளிகையில் வைத்தார் என்று ஜோராக எல்லாம் இருந்தது. அத்தனையும் கப்ஸா! 1926-ல் அவரே அதை ஒப்புக்கொண்டு எழுதினார். அதற்குப் பிறகும் அந்தக் கப்ஸாவைப் பல பேர் வரலாறாகவே மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதுவரை படித்ததை வைத்து 'தொட்டி சுதந்திரம், ஷவர் அடிமைத்தனம்' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தொட்டிக்குத் தண்ணீர் சுமந்தது யார் என்று ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது.

தெற்கு வேல்ஸில் ரோண்டா பள்ளத்தாக்கு. எங்கு பார்த்தாலும் நிலக்கரிச் சுரங்கம். நாள் பூரா பூமிக்கடியில் கிடந்துவிட்டு, தலை முதல் கால்வரை கரி அப்பிய மனிதன் வீட்டுக்கு வருவான். கணப்பு முன்னால் ஒரு தகரத் தொட்டி. முட்டி போட்டு மேல்பாதி உடம்பைக் கழுவுவான். அப்புறம் தொட்டிக்குள் நின்று கீழ்ப்பாதி. முதுகைத் தேய்த்துவிடுவது மனைவி. (முதுகை அடிக்கடி கழுவினால் பலம் போய்விடும் என்று சிலர் அதையும் விட்டுவிடுவார்கள்.) அப்பா முடித்ததும் அதே தண்ணீரில் மகன்கள். ஷிஃப்ட் வேறு வேறு என்றால், நாளைக்கு மூன்று தடவை இதே கூத்து.

அந்த வெந்நீரை அடுப்பிலிருந்து இறக்கி, தூக்கி, ஊற்றி, முடிந்ததும் கரித் தண்ணீரை வெளியே சுமந்து கொட்டுவது யார்? வீட்டுப் பெண்தான். வயிற்றில் பிள்ளை இருந்தாலும் அவள்தான்.

1911-ல் வந்த சுரங்கச் சட்டத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. மூன்றில் இரண்டு பங்கு தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டு, செலவில் பாதியையும் ஏற்றுக்கொண்டால், முதலாளி சுரங்க வாசலிலேயே குளியல் கூடம் கட்டித்தர வேண்டும். எங்கே ஓட்டு விழுந்தது? ஆண்களுக்குக் கூச்சம். அடுத்தவன் முன்னால் எப்படி நிர்வாணமாக நிற்பது? சூடாகக் குளித்துவிட்டுக் குளிரில் வீட்டுக்கு நடந்தால் ஜலதோஷம் பிடிக்காதா? மேலே விழுகிற செலவு வேறு. ஓட்டு அவர்களுடையது, தண்ணீர் சுமக்கிற இடுப்பு மட்டும் வேறொருத்தியுடையது!

1919-ல் நிலக்கரித் தொழிலை ஆராய சாங்கி கமிஷன் லண்டனில் உட்கார்ந்தது. பிரபுக்கள் சபைக் கட்டடம். சாட்சி சொல்ல மூன்று பெண்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் எலிசபெத் ஆண்ட்ரூஸ், வேல்ஸ் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள். பெரிய பெரிய மனிதர்கள் முன்னால் அவர் பேசியது வெந்நீர்த் தொட்டியைப் பற்றி. கொதிக்கிற தண்ணீரில் விழுந்து குழந்தைகள் வெந்துபோவதைப் பற்றிச் சொன்னார். தொட்டியையும் கொப்பரையையும் தூக்குவதால் பெண்களுக்குக் குறைப்பிரசவம் ஆவதை ஒரு மருத்துவச்சியின் அனுபவத்தை வைத்துச் சொன்னார். சுரங்க வாசலில் ஷவர் வேண்டும் என்றார்.

1926-ல் நிலக்கரி ராயல்டி வருமானத்திலிருந்து இதற்கென்றே ஒரு தொகையைப் பிடிக்கச் சட்டம் வந்தது. அப்புறம் நூற்றுக்கணக்கில் குளியல் கூடங்கள் எழுந்தன. ஒரு பக்கம் அழுக்குத் துணிக்கான அலமாரி, இன்னொரு பக்கம் வெளுத்த துணிக்கான அலமாரி, நடுவில் வரிசையாக ஷவர். கரியாக நுழைந்தவன் மறுபக்கம் மனிதனாக வெளியே வருவான். என்னைக் கேட்டால், ஷவரின் வரலாற்றிலேயே கௌரவமான அத்தியாயம் இதுதான். ஒரு தடவைகூட அந்த ஷவருக்குள் நின்றிராத பெண்கள் கேட்டு வாங்கிய ஷவர் அது.

அடுத்த அத்தியாயத்தை எழுதாமல் தாண்டிப்போகவும் முடியாது. சிறை, முகாம் என்றால் வந்ததும் குளிக்க வைப்பார்கள் என்பது 1940-களில் ஐரோப்பியர்கள் எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். ஆஷ்விட்ஸில் நாஜிகள் அந்தப் பழக்கத்தைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள். ரயிலிலிருந்து இறக்கப்பட்ட யூதர்களிடம், கிருமிநீக்கக் குளியலுக்குப் போகிறீர்கள் என்று சொல்லி உடைகளைக் கழற்ற வைத்தார்கள். நுழைந்த அறையின் கூரையில் போலி ஷவர்கள் இருந்தன. தண்ணீர் வரவில்லை. விஷவாயு வந்தது.

போருக்குப் பிந்தைய வீடுகளுக்கு வருவோம். இங்கிலாந்தில் தொட்டிதான் ஆட்சி. சர்ச்சில் தினம் இரண்டு தடவை வெந்நீர்த் தொட்டியில் இறங்குகிற ஆசாமி. அங்கிருந்தே கடிதங்களை 'டிக்டேட்' செய்வார். ஆனால், போர்க்காலத்தில் தொட்டிக்கும் ஒரு கோடு விழுந்தது. எரிபொருளைச் சேமிக்க ஐந்து அங்குலத்துக்கு மேல் வெந்நீர் கூடாது என்று அரசு கேட்டுக்கொள்ள, பக்கிங்ஹாம் அரண்மனைத் தொட்டிகளிலும் மன்னர் ஆறாம் ஜார்ஜ் கோடு போட வைத்தார். 1951 கணக்கெடுப்பின்போது, பிரிட்டனில் 37 சதவிகிதக் குடும்பங்களுக்கு நிலையான குளியல்தொட்டியே இல்லை. அதனால் வீட்டில் தொட்டி வந்ததே பெரிய விசேஷம். ஷவர் அங்கே சூடுபிடிக்காததற்கு இன்னொரு சாதாரணக் காரணமும் உண்டு. பிரிட்டிஷ் வீடுகளில் பரணில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும். ஷவருக்கும் அதற்கும் சில அடிகள்தான் உயர வித்தியாசம். தண்ணீர் என்ன வேகத்தில் வரும்? அழுதுகொண்டே வரும்! குழாய்த் தண்ணீரை அங்கேயே சூடாக்கித் தருகிற மின்சார ஷவர் பரவிய பிறகுதான் நிலைமை மாறியது.

அமெரிக்காவில் குழாயில் நல்ல அழுத்தம். பள்ளிக்கூட விளையாட்டு அறையிலும் பட்டாளத்திலும் ஷவரில் பழகிய தலைமுறை, வீட்டிலும் அதையே கேட்டது. கேட்டவர்களில் ஒருவர் லிண்டன் ஜான்சன். 1963-ல் ஜனாதிபதியானதும் வெள்ளை மாளிகை ஷவரில் தண்ணீர் போதவில்லை என்று கத்த ஆரம்பித்தார். எல்லாப் பக்கத்திலிருந்தும் பீய்ச்ச வேண்டும், தீயணைப்பு வண்டிக் குழாய் மாதிரி அடிக்க வேண்டும், சுட வேண்டும்! தனிக் குழாய், தனி பம்ப் எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். வருஷக்கணக்கில் பிளம்பர்கள் தவித்தார்கள். அடுத்து வந்த நிக்ஸன் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கழற்றி எறியச் சொல்லிவிட்டார்.

பிறகு சங்கிலியை அரசாங்கமே கையில் எடுத்தது. 1992-ல் வந்த அமெரிக்கச் சட்டப்படி ஷவரில் நிமிடத்துக்கு இரண்டரை காலனுக்கு மேல், அதாவது சுமார் ஒன்பதரை லிட்டருக்கு மேல் வரக் கூடாது. ஷவர் சிக்கனம் என்கிறார்களே, இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடம் நின்றால் 47 லிட்டர். பதினைந்து நிமிடம் பாட்டுப் பாடிக்கொண்டு நின்றால் 142 லிட்டர். ஒரு தொட்டி நிறைந்துவிடும்! பரூக் சொன்ன சிக்கனம் எல்லாம், வெளியே மணி அடிக்க ஆள் இருந்தவரைக்கும்தான். ஒரே ஷவரில் நாலைந்து தலைகளை மாட்டினால் ஒவ்வொன்றுக்கும் தனியாக இரண்டரை காலனா, மொத்தத்துக்குமா என்பது பெரிய அரசியலாகிவிட்டது. 2020-ல் டிரம்ப் அரசு 'ஒவ்வொன்றுக்கும்' என்றது. 2021-ல் பைடன் அரசு 'மொத்தத்துக்கும்' என்றது. 2025 ஏப்ரலில் மறுபடி வந்த டிரம்ப், இதற்கென்றே ஒரு உத்தரவில் கையெழுத்துப் போட்டார். ஒரு வல்லரசு!

2018-ல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் அணைகள் வறண்டன. பிப்ரவரி முதல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான் என்று மாநகராட்சி அறிவித்தது. குளிக்க, துவைக்க, சமைக்க, கழுவ, எல்லாவற்றுக்கும் சேர்த்து. ஷவரில் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்காதே என்றார்கள். உள்ளூர்ப் பாடகர்கள் தங்கள் ஹிட் பாடல்களை இரண்டு நிமிடத்துக்குச் சுருக்கிப் பாடிக் கொடுத்தார்கள். பாட்டு முடிந்தால் குழாயை மூட வேண்டும்! காலடியில் பக்கெட் வைத்து, விழுந்த தண்ணீரைப் பிடித்துக் கக்கூஸில் ஊற்றினார்கள். (நம் நாட்டுத் தரநிர்ணயக் கணக்கில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். அதில் குளியலுக்கு மட்டும் 55. கேப்டவுன்காரர்கள் ஒரு நாள் பூராவையும் அதற்குள் ஓட்டியிருக்கிறார்கள்.)

அடுத்த வருஷம் நம் முறை. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் காய்ந்துபோய், ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு முதல் தண்ணீர் ரயில் வந்து சேர்ந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். அது குடிப்பதற்கான தண்ணீர்தான். சும்மா ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன்... டெலபோஸ்ட் அளந்து கொடுத்தபடி குளித்தால் அந்த ரயிலில் ஒன்றேகால் லட்சம் பேர் ஒரு தடவை குளிக்கலாம். தொட்டி நிறைய 150 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், பதினாறாயிரத்துச் சொச்சம் பேர்.